செண்பகவல்லி போட்ட படம்

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஓமனா தன் போனை நீட்டினாள்.

"செண்பகம் சேச்சி, இது கண்டோ? கரமன டீச்சரைக் கொன்ன ஆளாம். இன்னைக்கு காலையிலே தம்பானூர் ஸ்டாண்டுல வச்சு பிடிச்சு."

பழவங்காடியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் இருவருக்கும் வேலை. கண் பரிசோதனைக்கு வருகிறவர்களின் பெயரை ஓமனா எழுதிக்கொள்வாள். செண்பகவல்லி பிரேமை முகத்தில் பொருத்தி, காதில் மாட்டும் காம்பை வளைத்து, சரிபார்த்துக் கொடுப்பாள். பதினெட்டு வருடமாக அதே வேலை.

கரமனையில் தனியாக இருந்த ஜெயஷீலா டீச்சர் தன் சமையலறையிலேயே கொலையுண்டு கிடந்த செய்தி மூன்று நாளாக ஊரெல்லாம் பேச்சு. முற்றத்தில் புல் வெட்ட வந்துகொண்டிருந்த ஓர் ஆளைப் போலீஸ் தேடுகிறது என்றார்கள். அவன் பெயர் யாருக்கும் தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டில் யாரோ எடுத்த வீடியோ, இருபத்து மூன்று விநாடி. தாடி வைத்த ஒருவன், நீலக் கைலி, தலையில் காது மூடக் கட்டிய துண்டு, கக்கத்தில் பெண்கள் பிடிக்கிற பூப்போட்ட குடை. நாலைந்து பேர் சுற்றிக்கொண்டு அவனைப் போலீஸ் ஜீப்பை நோக்கி நடத்துகிறார்கள். ஏறும்போது பின்னாலிருந்து ஒரு கை முதுகில் தள்ளுகிறது. அவன் திரும்பிப் பார்க்கிறான். கோபம் இல்லை. உதட்டை உள்ளே மடித்து, இமையைப் பாதி தாழ்த்தி, ‘சரி, ஏறத்தானே செய்கிறேன்’ என்பதுபோல ஒரு பார்வை.

செண்பகவல்லி கையிலெடுத்த சோற்றை டப்பாவிலேயே போட்டாள். அந்தப் பார்வையை அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் அப்பா அடிக்கும்போதெல்லாம் தம்பி அப்படித்தான் திரும்பிப் பார்ப்பான்.

"என்னா சேச்சி?"

"ஒண்ணுமில்ல. அதை எனக்கு அனுப்பி விடு."

தம்பியின் பெயர் ஆறுமுகநயினார். வீட்டில் நயினார். அவன் போய்ப் பன்னிரண்டு வருடமாகிவிட்டது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த அன்று அவன் சிநேகிதர்களோடு வர்க்கலைக்குப் போயிருந்தான். போன் அணைந்திருந்தது. மறுநாள் தைக்காட்டு மயானத்துக்கு அவன் ஓடிவந்து சேர்ந்தபோது சித்தப்பா மகன் கொள்ளி வைத்து முடித்திருந்தான். நயினார் அக்காவிடம்தான் முதலில் வந்தான். அவள், சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னால், "அப்பாவுக்கே நீ இல்ல. இனி நீ இருந்தா என்ன, இல்லாட்டா என்ன?" என்றாள்.

அவன் பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் வீட்டில் இருந்தான். மறுநாள் காலையில் இல்லை. இருபத்து நான்கு வயது.

அவனைத் தேடாத இடம் இல்லை. நாகர்கோவில் சொந்தங்கள், திருநெல்வேலி, மதுரை, பழனி. போலீஸில் கொடுத்த புகார் எங்கோ ஒரு கட்டுக்குள் போயிற்று. செண்பகவல்லிக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. சாலைத் தெருவுக்குப் பின்னால் உள்ள சந்தில் அம்மா சிவகாமியம்மாளும் அவளுமாக இருந்தார்கள்.

அன்று சாயங்காலம் அவள் அம்மாவிடம் வாய் திறக்கவில்லை. வீடியோவின் கீழே எழுதியிருந்தவற்றைப் படித்தாள். ஆயிரக்கணக்கில் இருந்தன. ஒருவன், இவன் வங்காளி, ஊமை வேஷம் போடுகிறான் என்றான். இன்னொருவன் ஜெயிலிலிருந்து தப்பியவன் என்றான். மாமா போலீஸில் இருப்பதாகச் சொன்ன ஒருத்தி, கைரேகை ஒத்துப்போய்விட்டது என்று எழுதியிருந்தாள். அதற்கு அடியிலேயே ஒருவன், ரேகையே கிடைக்கவில்லை, கையுறை போட்டிருக்கிறான், அதுதான் இவன் பழகின கொலைகாரன் என்பதற்கு அத்தாட்சி என்று அடித்துச் சொன்னான். பதினாலாவது விநாடியில் படத்தை நிறுத்தி, கைலியில் இருந்த கறையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். அது ரத்தமா வெற்றிலைச் சாறா என்று இருநூறு பேர் சண்டை.

செண்பகவல்லிக்கு இதெல்லாம் வெறும் வம்பு என்று தெரியாமல் இல்லை. ஆனாலும் படித்தாள். மங்களூரில் நாலு வருஷம் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவினவன் இவன், எனக்குத் தெரியும் என்று ஒருவன் எழுதியிருந்தான். அப்படியானால் சோற்றுக்குக் கஷ்டப்பட்டிருக்க மாட்டான் என்று நினைத்துக்கொண்டாள். கோயம்புத்தூரில் பெண்டாட்டி இருக்கிறாள், அவளையும் அடித்துப்போட்டு வந்தவன் என்று வேறொருவன். அடித்ததை விட்டுவிட்டு அவள் மனம் பெண்டாட்டியைப் பிடித்துக்கொண்டது. எந்த ஊர்ப் பெண்ணோ. பிள்ளை உண்டோ என்னவோ. பன்னிரண்டு வருடத்தில் தம்பியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போது முகம் தெரியாத ஆயிரம் பேர் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலையில் அம்மாவிடம் காட்டினாள். சிவகாமியம்மாளுக்கு இடுப்பு எலும்பு முறிந்து கூடினதிலிருந்து நடை குறைவு. கட்டிலில் உட்கார்ந்து போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எட்டி, கைய எடு. மூஞ்சிய மறைக்குது."

ஐந்து தடவை பார்த்தாள். ஆறாவது தடவை, அவன் திரும்புகிற இடத்தில், "அவந்தாண்டி" என்றாள்.

"சரியாப் பாரும்மா. கொலை கேஸு."

"அவந்தான். பெத்தவளுக்குத் தெரியாதா?"

"இவன் கொன்னுருப்பானாம்மா?"

அம்மா அழவில்லை. "கொன்னுருந்தா பூஜப்பெர ஜெயில்லதானே போடுவான்? ஆட்டோவுல போயிரலாம். மாசத்துக்கு ஒருக்கா பாக்க விடுவாங்கல்லா?"

செண்பகவல்லி அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டாள். அதையே அவளும் இரவெல்லாம் நினைத்திருந்தாள்.

போலீஸுக்கு நேரே போக பயமாக இருந்தது. ஒருவேளை அவனாக இல்லாவிட்டால்? அவனாக இருந்து, நாம் போனதால் கேஸ் இறுகிவிட்டால்? கடையில் இருந்தபடியே அந்த வீடியோவின் கீழே மலையாளத்தில் எழுதினாள். பள்ளியில் படித்தது மலையாளம்தான். ‘இவர் காணாமல் போன என் தம்பியைப் போல இருக்கிறார். பெயர் ஆறுமுகநயினார். இவரை நேரில் பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லவும்.’ கூடவே சங்குமுகம் கடற்கரையில் எடுத்த பழைய படம் ஒன்று. கண்ணாடி போட்டுக்கொண்டு, காற்றுக்குச் சட்டையைப் பிடித்தபடி சிரிக்கிறான்.

நாலு மணிக்கு ஓமனா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "சேச்சி, எந்து பணியா இது! அதை உடனே எடுத்துக் கள."

எடுத்தாள். எடுத்து என்ன? அதற்குள் படம் கைமாறிப் போயிருந்தது. வீடியோவில் இருந்த முகத்தையும் நயினாரின் முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, புருவம், மூக்கு, தாடை என்று கோடு கிழித்து, ‘டீச்சர் கொலையாளி அடையாளம் தெரிந்தது, சாலைக்காரன் ஆறுமுகநயினார்’ என்று போட்டிருந்தார்கள். தெருவிலேயே யாரோ, ‘இவனை எனக்குத் தெரியும். அப்பன் சாவுக்கே வராதவன்’ என்று சேர்த்துவிட்டார்கள். அப்பன் சாவுக்கு வராதவன் டீச்சரைக் கொல்ல மாட்டானா என்று அதன் கீழே முன்னூறு பேர். அக்காளும் அம்மையும் இத்தனை நாள் ஒளித்து வைத்திருந்தார்கள் என்று சிலர்.

மயானத்தில் தான் சொன்னதையே யாரோ எடுத்து ஊருக்குக் கொடுத்துவிட்டதுபோல இருந்தது அவளுக்கு.

சப் இன்ஸ்பெக்டர் சுஜித் மறுநாள் காலையில் போனில் கூப்பிட்டார். சின்ன வயதுக்காரர், மரியாதையாகப் பேசினார். "சேச்சி, அம்மையையும் கூட்டிட்டு ஸ்டேஷன் வரைக்கும் ஒந்நு வரணும். ஆளைப் பாத்துச் சொன்னா போதும். பயப்படண்டா."

சிவகாமியம்மாள் பெட்டியிலிருந்து வெளுத்த புடவையை எடுத்து உடுத்தினாள். தலையில் எண்ணெய் தடவச் சொன்னாள். ஆட்டோவில் போகும்போது, "அவன்கிட்ட ஒண்ணும் கேக்காத. ஏன் போனன்னு கேக்காத" என்று மட்டும் சொன்னாள்.

அந்த ஆள் ஓர் அறையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். தலையில் துண்டு இல்லை. செண்பகவல்லி வாசலில் நின்று பார்த்த முதல் கணத்திலேயே தெரிந்துவிட்டது. நயினாரின் வலது காது இடது காதைவிட ஒரு நெல்லளவு மேலே இருக்கும். எந்தக் கண்ணாடி போட்டாலும் சாய்ந்து நிற்கும். அவனுக்கென்று காம்பை வளைத்துக் கொடுத்தவள் அவள். இந்த ஆளுக்கு இரண்டு காதும் ஒரே மட்டத்தில் இருந்தன. கண் வேறு. கை வேறு.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அவனுக்கு எதிரே போனாள். "சாப்பிட்டியா மக்கா?"

அவன் தன் காதைத் தொட்டு, கையை விரித்துக் காட்டினான்.

"கேக்காது" என்றார் சுஜித். "பேச்சும் இல்ல. நேத்துதான் டாக்டர் வந்து பாத்துச் சொன்னார். ஊமை வேஷம்னு ஊர் முழுக்கச் சொல்லிட்டு இருக்கு. இவரா உங்க ஆளு?"

செண்பகவல்லி அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவள் காதருகே சாய்ந்தாள்.

"அவந்தான்னு சொல்லிருவோமாட்டி? இந்தப் புள்ளைக்கும் யாரும் இல்ல போல."

"அம்மா."

"ஜெயிலுக்குப் போய்ப் பாக்கலாம்லா."

"அம்மா, இவன் இல்ல." பிறகு சுஜித்திடம், "இல்ல சார். என் தம்பி இல்ல" என்றாள்.

திரும்பி வந்து வீட்டுப் படியேறியதும் செண்பகவல்லிக்கு அழுகை வந்தது. கொலைகாரனாகவாவது அவன் இருந்திருக்கக் கூடாதா என்று அழுதாள். அப்படி நினைத்ததற்காக, செத்துப்போன அந்த டீச்சரிடம் மனதுக்குள் மன்னிப்பும் கேட்டாள்.

கொலை நடந்த பன்னிரண்டாம் நாள் உண்மையான ஆள் அகப்பட்டான். டீச்சர் வீட்டில் தண்ணீர் மோட்டார் பழுதுபார்க்க வந்தவன். டீச்சரின் சங்கிலி அவன் வீட்டிலிருந்து கிடைத்தது. பூப்போட்ட குடையை மழைக்காக டீச்சரே, புல் வெட்ட வந்த அந்தக் காது கேளாதவனுக்குக் கொடுத்தாராம், பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். அவனை விட்டுவிட்டார்கள். ஏதோ ஓர் இல்லத்தில் சேர்த்திருப்பதாக சுஜித் சொன்னார்.

ஆனால் நயினாரின் படத்தை யாரும் விடவில்லை. உண்மையான கொலையாளி வேறு என்ற செய்தி அந்தப் படம் போன இடத்துக்கெல்லாம் போகவில்லை. செண்பகவல்லி புகார் எழுதிக் கொடுத்தாள். இரண்டு பக்கங்களில் எடுத்தார்கள். வேறு இடங்களில் முளைத்தது. பஸ்ஸில் போகும்போதும், கடையில் ஆள் இல்லாத நேரத்திலும் அவள் ஒவ்வொன்றின் கீழும் எழுதினாள். ‘இது என் தம்பி. இவர் யாரையும் கொல்லவில்லை.’ சிரிக்கிற பொம்மைகளைப் பதிலாகப் போட்டார்கள். எங்கேயோ ஒரு ஊரில் நயினார் டீக்கடையில் நிற்பான், பக்கத்தில் நிற்பவன் போனையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பான், நாலு பேர் கூடுவார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் அவள் சரியாக இருந்த காம்பையே மறுபடி மறுபடி வளைத்துக்கொண்டிருந்தாள்.

ஒருவன், ஆள் பிடிப்பதற்கு உதவியாக இருக்கும் என்று, கம்ப்யூட்டரை வைத்து அந்தப் பழைய படத்துக்குப் பன்னிரண்டு வயது கூட்டியிருந்தான். முப்பத்தாறு வயது நயினார். நெற்றி ஏறியிருந்தது. கன்னத்தில் மடிப்பு. செண்பகவல்லி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். புகார் கொடுக்க வேண்டிய படம். கொடுக்காமல் தன் போனில் சேமித்துக்கொண்டாள். அம்மாவிடம் காட்டினாள்.

"மெலிஞ்சுட்டானே" என்றாள் அம்மா. கண்ணாடித் திரையில் அவன் கன்னத்தைத் தடவினாள். தடவியதில் படம் நகர்ந்து மறைந்துபோயிற்று. "எங்கட்டி போனான்? திரும்பக் கொண்டா."

ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும். காலை பத்தரை மணி. செண்பகவல்லி ஒரு பள்ளி மாணவிக்குக் கண்ணாடி பொருத்திக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. தெரியாத எண். பன்னிரண்டு வருடமாக அவள் தன் எண்ணை மாற்றியதில்லை, தெரியாத எண்ணை எடுக்காமல் விட்டதும் இல்லை.

"ஹலோ."

அந்தப் பக்கம் தகரத் தட்டுகள் மோதுகிற சத்தம்.

"அக்கா."

அவள் மாணவியின் கண்ணாடியை மேசையில் வைத்தாள்.

"அக்கா, நான் அதைச் செய்யல."

"தெரியும்லே. எனக்குத் தெரியும். நயினாரே, எங்கலே இருக்க?"

"முதலாளி வாட்ஸப்புல வந்திருக்கு. என் பேரு, அப்பா பேரு, தெருவு, எல்லாம் போட்டிருக்கு. போலீஸு வீட்டுக்கு வந்துச்சா? அம்மைய என்னமாம் செஞ்சாங்களா? அம்மை இருக்காளா?"

"இருக்கா. நல்லா இருக்கா. யாரும் ஒண்ணும் செய்யல. அந்த ஆளைப் பிடிச்சாச்சு, அது வேற ஆளு. நீ பயப்படாத."

"அப்போ என் படத்த யாருக்கா போட்டது?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் அது அவளுக்குத் தோன்றவில்லை.

"நான்தாம்லே."

அவன் அடுத்ததைக் கேட்குமுன் அவளே தொடர்ந்தாள்.

"ஒரு வீடியோ வந்துச்சு. போலீஸ் பிடிச்ச ஆளு ஒன்ன மாதிரியே திரும்பிப் பாத்தான். ஒன்னத் தேடித்தான் போட்டேன். இப்படி ஆகும்னு எனக்குத் தெரியல."

"கொலை செஞ்சவன் நான்னு நெனச்சியா?"

"நீயா இருக்கணும்னு நெனச்சேன்."

அவன் மூச்சு விடுவது கேட்டது. அழுகிறானா என்று தெரியவில்லை. செண்பகவல்லி அவசரமாகச் சொன்னாள், "நயினாரே, அன்னைக்கு மயானத்துல வச்சு நான்—"

"அக்கா, ஆளு வாறாங்க. நான் கெளம்புறேன். அம்மைகிட்ட சொல்லிரு, நான் செய்யலன்னு."

லைன் போய்விட்டது. அவள் உடனே அதே எண்ணுக்கு அடித்தாள். மூன்றாவது தடவை ஒருவர் எடுத்தார். மலையாளி. ஹூப்ளியில் பேக்கரி நடத்துகிறவர்.

"நீங்க ஆறுமுகத்தோட சிஸ்டரா? அவன் என் போன்லதான் பேசினான். ஞானே அவனுக்குப் படத்தைக் காட்டினேன், இது நீதானேடான்னு. ஒரு தப்பும் செஞ்சவன் அல்லன்னு எனக்குத் தெரியும். இங்கேயே நில்லு, ஞான் பாத்துக்கறேன்னு சொன்னேன். பக்கத்துக் கடைக்காரன்களுக்கும் படம் போயிருக்கு சேச்சி. அவங்க ரெண்டு பேரு வந்து வாசல்ல நின்னாங்க. இவன் பின்வாசல் வழியாப் போயிட்டான். பையை மட்டும் எடுத்துட்டுப் போனான்."

"எங்க போயிருப்பான்?"

"அறியில்லா சேச்சி."

செண்பகவல்லி கடைக்கு வெளியே வந்து நடைபாதையில் நின்றாள். கணபதி கோயில் முன்னால் தேங்காய் உடைக்கிற சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொள்ள வேண்டியிருந்தது. "என் தம்பி உங்ககிட்ட எத்தனை வருஷம் இருந்தான்?" என்று கேட்டாள்.

"எட்டு வருஷம்."

"எப்படி இருப்பான்?"

அவருக்கு முதலில் கேள்வி புரியவில்லை. புரிந்ததும் பொறுமையாகச் சொன்னார். அடுப்பு அவன் பொறுப்பு. ரொட்டியும் ரஸ்க்கும் அவன் கைதான். மாடியில் படுப்பான். குடி இல்லை. கல்யாணம் இல்லை. கன்னடம் நன்றாகப் பேசுவான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தனக்கு மட்டும் புளிக்கறி வைத்துச் சாப்பிடுவான். ஒரு வருஷம் மஞ்சள் காமாலை வந்து கிடந்தான், அவருடைய மனைவிதான் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். தாடியில் நரை வந்துவிட்டது. ஊரைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்ல மாட்டான்.

"அவங்களுக்கு என் நமஸ்காரம் சொல்லுங்க" என்றாள் செண்பகவல்லி. "கஞ்சி வச்சுக் கொடுத்ததுக்கு."

அவள் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள், படம் போட்டதால் அவன் வேலையை விட்டு ஓட நேர்ந்ததையும் ஒளிக்காமல் சொன்னாள். சிவகாமியம்மாள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "காமாலை எந்த வருஷம் வந்துச்சாம்?" என்றாள். அதைக் கேட்க மறந்துவிட்டது. மறுபடியும் அந்த மனிதரைக் கூப்பிட்டுக் கேட்டுச் சொன்னாள். அந்த வருடம் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று அம்மா வெகு நேரம் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பின் ஒன்பது நாள் போன் வரவில்லை. செண்பகவல்லி தன் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போய்வந்தாள். பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அடித்தது. சிவகாமியம்மாள் எச்சில் கையோடு எடுத்துவிட்டாள்.

"மக்கா" என்றாள். அதற்குப் பிறகு நிறுத்தவே இல்லை. இடுப்பு முறிந்த கதை, சித்தப்பா இறந்த கதை, எதிர்வீட்டுப் பாகீரதி மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது, சந்துக்குள் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருப்பது, காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் குடித்தானா என்பது. ஏன் போனாய் என்று கேட்கவில்லை. எங்கே இருக்கிறாய் என்றும் கேட்கவில்லை.

செண்பகவல்லி பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினாள். "எங்கிட்ட குடும்மா. ஒரே ஒரு வார்த்தை."

"இரு. அவன் பேசட்டும்."

அம்மா மூச்சு வாங்கும் இடைவெளியில் போனிலிருந்து ‘ம்’ என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. கொஞ்சம் கழித்து இன்னொன்று. செண்பகவல்லி நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, அம்மாவின் தோளோடு தன் தலையைச் சேர்த்து, அந்தச் சத்தம் கேட்கிற தூரத்தில் காதை வைத்துக்கொண்டாள்.

"வாறேம்மா" என்றான் கடைசியில்.

என்றைக்கு என்று அவன் சொல்லவில்லை. இருவருமே கேட்கவில்லை.